டி டிரைவில் கிடக்கும் சாவி

(திருவண்ணாமலையில் கல்லூரி மாணவர்களும் கணினி ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பக்கத்தில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. முக்கியமான எதையும் சி டிரைவில் வைக்க மாட்டோம். கல்யாண ஆல்பம், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், ஆதார் ஸ்கேன், மார்க் ஷீட் எல்லாம் டி டிரைவில்தான். சர்வீஸ் செய்ய வருகிறவர் உட்கார்ந்ததும் கேட்பது, "சி-ல ஏதாவது இருக்கா சார், ஃபார்மட் அடிச்சிரலாமா?" என்றுதான். அந்தக் கேள்விக்குப் பயந்தே ஒரு தலைமுறை முழுக்க டி டிரைவுக்குக் குடிபோய்விட்டது.

இன்றைக்கு அந்த டி டிரைவில் கிடக்கிற ஒரே ஒரு கோப்பை வைத்துக்கொண்டு பேசலாம் என்று வந்திருக்கிறேன். கிளவுட் பாடம் படிக்கிறவர்களுக்கு அது பழக்கமான கோப்பு. அமேசான் கிளவுடில் ஒரு சர்வர் எடுத்தால், பெம் என்று முடியும் சாவிக் கோப்பு ஒன்று இறங்கும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் அந்த சர்வருக்குள் நுழையலாம். பாஸ்வேர்டு கேட்காது. நம் மாணவர் அதை வழக்கம்போல டி டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு வைக்கிறார். அதைத்தான் இந்த லேப்டாப்பில் செய்து வைத்திருக்கிறேன். திரையில் மூன்று ஜன்னல்கள் தெரிகின்றன, பாருங்கள்.

முதல் ஜன்னல் கிட் பாஷ். எஸ்எஸ்எச் கட்டளையில் அந்தச் சாவியைக் கொடுக்கிறேன். ஒரு முணுமுணுப்பும் இல்லை, சர்வர் திறந்துவிட்டது. இரண்டாவது, விண்டோஸோடு வருகிற பவர்ஷெல். அதே கட்டளை, அதே சாவி. இங்கே "பேட் பெர்மிஷன்ஸ்" என்று திட்டுகிறது. ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் என்ற குழுவுக்கு இந்தக் கோப்பின்மேல் உரிமை இருக்கிறது, அதை நீக்கு என்று சொல்லி, பக்கத்திலேயே எஸ்-1-5-11 என்று ஓர் எண்ணும் போடுகிறது. மூன்றாவது, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லுக்குள் இருக்கும் உபுண்டு. சாவிக்குப் பாதுகாப்பே இல்லை என்று திரை முழுக்க அட் குறிகளால் கட்டம் கட்டி எச்சரிக்கிறது. அனுமதி எண் 0777 என்கிறது. சரி, பாடத்தில் சொல்லிக் கொடுத்தபடி அனுமதி எண்ணை மாற்றும் சிஎச்மாட் கட்டளையில் 400 போடுகிறேன். பிழை எதுவும் வரவில்லை. மறுபடி எஸ்எஸ்எச். இப்போது 0555 என்கிறது, இன்னமும் விட மாட்டேன் என்கிறது.

கோப்பு ஒன்று, கணினி ஒன்று, கட்டளையும் ஒன்று. பதில் மட்டும் மூன்று விதமாக வருகிறது. இதில் உண்மை சொன்னது இரண்டாவது ஜன்னல் மட்டுமே. முதல் ஜன்னல் சோதிக்கவே இல்லை. மூன்றாவது ஜன்னல் காட்டிய எண்கள் அதுவாகப் போட்டுக்கொண்டவை. ஏன் இப்படி என்பதுதான் இந்த உரை முழுவதும். விண்டோஸ் வட்டில் இருக்கிற கோப்பை விண்டோஸின் அனுமதிப் பட்டியல்தான் காக்கிறது. யுனிக்ஸ் கருவி காட்டும் ஒன்பது அனுமதி எழுத்துகள் அந்தப் பட்டியலைப் பற்றிய தகவல். அந்தத் தகவல் சில நேரம் சரியான மொழிபெயர்ப்பாக இருக்கும், சில நேரம் வெறும் ஊகமாக இருக்கும்.

அந்த ஒன்பது எழுத்துகள் எங்கிருந்து வந்தன? 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யுனிக்ஸை எழுதத் தொடங்கினார்கள். அன்றைய கணினி ஒருவருக்குச் சொந்தமானதாக இருக்காது. ஒரே இயந்திரத்தில் பல டெர்மினல்கள், பல பேர். ஒருவர் கோப்பில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது, ஆனால் ஒரே வேலையில் இருக்கிறவர்கள் பகிர்ந்துகொள்ளவும் வேண்டும். அதற்கு அவர்கள் கண்ட வழி மிகச் சிக்கனமானது. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உடைமையாளர், ஒரு குழு, அப்புறம் மற்றவர்கள். மூன்று தரப்புக்கும் படிக்க ஆர், எழுத டபிள்யூ, இயக்க எக்ஸ். மொத்தம் ஒன்பது பிட். படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டிக்கொண்டால் 600, 644, 755 எல்லாம் தானாகப் புரியும். 600 என்றால் உடைமையாளர் படிக்கலாம், எழுதலாம். வேறு யாருக்கும் ஒன்றும் கிடையாது. சாவிக் கோப்பு இருக்க வேண்டிய நிலை அதுதான்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விதி உண்டு. நீங்கள் எந்தத் தரப்பு என்பதை யுனிக்ஸ் முதலில் முடிவு செய்துவிடும். உடைமையாளர் என்றால் முதல் மூன்று எழுத்தோடு சோதனை முடிந்தது. 077 என்று ஒரு கோப்புக்கு வைத்தால், ஊரே படிக்கலாம், சொந்தக்காரர் மட்டும் படிக்க முடியாது! யாரும் வேண்டுமென்று அப்படி வைப்பதில்லை. ஆனால் விதி அதுதான். இந்த விதி பின்னால் விண்டோஸில் என்ன பாடு படுத்தியது என்று சொல்கிறேன்.

ஃபோல்டருக்கு எக்ஸ் எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். ஃபோல்டரை எப்படி இயக்குவது? இந்த ஊரில் நின்றுகொண்டு அதை விளக்குவது சுலபம். கிழக்கே 217 அடி ராஜகோபுரம். அதைத் தாண்டினால் வல்லாள மகாராஜா கோபுரம், அதற்கும் உள்ளே கிளி கோபுரம், பிறகு உள் பிரகாரம், கடைசியில் மூலவர். யுனிக்ஸில் ஒவ்வொரு ஃபோல்டரும் அப்படி ஒரு வாசல். எக்ஸ் இருந்தால் தாண்டலாம். ஆர் இருந்தால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலைப் பார்க்கலாம். நடுவில் ஒரு வாசல் சாத்தியிருந்தால், கருவறை திறந்தே கிடந்தாலும் தரிசனம் இல்லை. ஹோம் ஃபோல்டருக்கு 700 போட்டுவிட்டு உள்ளே எதை எப்படி வைத்திருந்தாலும் நிம்மதியாக இருக்கலாம் என்று யுனிக்ஸ்காரர்கள் சொல்வது இதனால்தான்.

விண்டோஸில் அந்த நிம்மதி கிடையாது. அங்கே "பைபாஸ் டிராவர்ஸ் செக்கிங்" என்று ஓர் உரிமை இருக்கிறது. எல்லாப் பயனருக்கும் அது இயல்பாகவே கொடுக்கப்பட்டிருக்கும். கோப்பின் முழு முகவரி தெரிந்தால் நடுவிலுள்ள கோபுரங்களில் உங்களை யாரும் நிறுத்த மாட்டார்கள், கடைசிக் கதவில் மட்டும்தான் சோதனை. வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு. தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் யுனிக்ஸ் பழக்கத்தோடு விண்டோஸுக்கு வருகிறவர் வெளி வாசலைச் சாத்திவிட்டு உள்ளே விட்டுவைத்தது திறந்தே இருக்கும்.

விண்டோஸின் கதையைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1993-இல் டேவிட் கட்லர் தலைமையில் எழுதப்பட்ட விண்டோஸ் என்டி 3.1 வந்தது. அதோடு என்டிஎஃப்எஸ் என்ற வட்டு அமைப்பும் வந்தது. ஒன்பது பிட் என்ற கணக்கே அங்கே இல்லை. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பட்டியல். இவருக்கு இதைக் கொடு, அந்தக் குழுவுக்கு அதை மறு என்று எத்தனை வரி வேண்டுமானாலும் எழுதலாம். படிக்க, எழுத என்பதோடு அழிக்க, அனுமதியை மாற்ற, உடைமையைக் கைப்பற்ற என்று உரிமைகளும் நுணுக்கமானவை. மேல் ஃபோல்டரின் பட்டியல் கீழே இருக்கிறவற்றுக்குப் பரம்பரையாக இறங்கும். உண்மையில் யுனிக்ஸின் பழைய ஏற்பாட்டைவிட இது வளமானது. ஆனால் நம் வீடுகளுக்கு வந்தது அந்த விண்டோஸ் இல்லை. 95-ம் 98-ம்தான் வந்தன. அவை ஓடிய ஃபேட் வட்டுகளில் கோப்புக்கு உடைமையாளரே கிடையாது. 2001-இல் எக்ஸ்பி வந்தபோதுதான் என்டி குடும்பம் வீட்டுக்குள் நுழைந்தது. அதிலும் ஹோம் பதிப்பில் செக்யூரிட்டி என்ற பக்கத்தையே சாதாரணமாகக் கண்ணில் படாமல் மறைத்து வைத்திருந்தார்கள். எல்லாரும் அட்மினாகவே உட்கார்ந்தோம். வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே கணக்கு, அதற்கும் பாஸ்வேர்டு இல்லை. இன்றைக்கும் தேரடித் தெருவிலோ பேகோபுரத் தெருவிலோ ஒரு ஜெராக்ஸ் கடைக் கணினியைப் பாருங்கள், நிலைமை அதேதான். இப்படிப்பட்ட இடத்தில் அனுமதியைப் பற்றிப் பேசுவதே வேடிக்கை. யார் என்று பிரித்தறிய இரண்டு பேராவது இருந்தால்தானே அனுமதிக்குப் பொருள்?

இப்போது சிக்வினுக்கு வருகிறேன். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1995-இல் சிக்னஸ் என்ற நிறுவனத்தில் ஸ்டீவ் சேம்பர்லெய்ன் என்ற பொறியாளர் சிக்வினைத் தொடங்கினார். யுனிக்ஸுக்காக எழுதப்பட்ட நிரல்களை விண்டோஸிலேயே தொகுத்து ஓட்ட வேண்டும். அதற்காக நடுவில் ஒரே ஒரு டிஎல்எல் கோப்பு. நிரல் யுனிக்ஸ் பாணியில் கேள்வி கேட்கும், அந்த டிஎல்எல் விண்டோஸிடம் விசாரித்து யுனிக்ஸ் பாணியிலேயே பதில் சொல்லும். 1999-இன் கடைசியில் சிக்னஸை ரெட் ஹேட் வாங்கியது. சிக்வின் மட்டும் தொடர்ந்து வளர்ந்தது. இன்று வரை இருக்கிறது.

கோப்பைத் திற, மூடு என்பதையெல்லாம் மொழிபெயர்ப்பது கடினமில்லை. அனுமதிதான் கழுத்தைப் பிடித்தது. யுனிக்ஸுக்குப் பயனர் என்றால் ஓர் எண். விண்டோஸுக்குப் பயனர் என்றால் எஸ்-1-5-21 என்று தொடங்கி நீளமாகப் போகும், சிட் என்ற ஓர் அடையாளம். அதன் கடைசித் துண்டு மட்டும்தான் ஆளுக்கு ஆள் மாறும். நீங்கள் கிட் பாஷில் எல்எஸ் மைனஸ் எல் போட்டிருப்பீர்கள். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் 197121 என்று ஒரு விசித்திரமான எண் வரும். நெட்டில் தேடினால் வைரஸா என்றுகூடச் சிலர் பயந்திருப்பார்கள். அது இப்படி வருகிறது. விண்டோஸில் தனிக் கணினியின் இயல்பான குழுவுக்குக் கடைசித் துண்டு 513. சிக்வின் அதோடு 196608-ஐக் கூட்டுகிறது. 197121. உங்கள் கணக்கின் கடைசித் துண்டு 1001 என்றால் உங்கள் பயனர் எண் 197609. வேண்டுமானால் இன்றிரவு ஐடி என்று அடித்துப் பாருங்கள். பழைய நாட்களில் இதற்கு எம்கேபாஸ்வேர்டு என்ற கருவியை ஓட்டி ஒரு பட்டியல் கோப்பு தயாரிக்க வேண்டும். 2015-இலிருந்து விண்டோஸின் பயனர் பட்டியலையே நேராகப் படித்துக்கொள்கிறது.

எண் பிரச்சினையைவிடப் பெரியது வரிசைப் பிரச்சினை. சற்று முன் சொன்ன 077 நினைவிருக்கிறதா? விண்டோஸில் உரிமைகள் கூடிக்கொண்டே போகும். நீங்கள் உடைமையாளராகவும் இருந்து, எல்லாருக்கும் என்ற வரியிலும் அடங்கினால், இரண்டு வரியும் உங்களுக்குப் பொருந்தும். உடைமையாளருக்கு மட்டும் குறைவான உரிமை என்பதைச் சொல்ல வேண்டுமானால் "மறு" என்ற வரியை வெளிப்படையாக எழுத வேண்டும், அதையும் குறிப்பிட்ட இடத்தில் செருக வேண்டும். சிக்வின் அப்படியே செய்கிறது. வரிசை சரியாகத்தான் வேலை செய்யும். ஆனால் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் தான் எழுதியிருக்கக்கூடிய வரிசை இது இல்லை என்பதால், செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்ததும் "அனுமதிகள் தவறான வரிசையில் இருக்கின்றன" என்று எச்சரித்து, சரிசெய்யட்டுமா என்ற மாதிரி நிற்கும். சரி என்றால் சிக்வின் பார்த்துப் பார்த்து எழுதியது கலைந்துபோகும். அதே பட்டியலில் நல் சிட் என்று யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வரியையும் பார்க்கலாம். யுனிக்ஸின் சில சிறப்பு பிட்டுகளைப் போட்டு வைக்க விண்டோஸில் இடமில்லாததால், யாருமே இல்லாத ஒரு பெயரில் ஒரு வரி எழுதி அதற்குள் பதுக்கி வைத்திருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்! செட்யூஐடி பிட்டையும் அங்கே போடலாம். டென்னிஸ் ரிட்சி 1973-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த சங்கதி அது. நிரலை ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும் கோப்பின் உடைமையாளர் அதிகாரத்தில் ஓட வைப்பது. சிக்வினில் அந்தப் பிட் பதிவாகும், காட்டவும் காட்டும். அதனால் எதுவும் நடக்காது.

கிட் பாஷ் சிக்வினின் வழியில் வந்த எம்சிஸ்2-இலிருந்து பிறந்தது. ஆனால் அதைத் தொகுப்பவர்கள் வேறொரு முடிவு எடுத்தார்கள். அதன் எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்தால் நோஏசிஎல் என்று ஒரு சொல் இருக்கும். விண்டோஸின் பட்டியலைத் தொடாதே, படிக்கவும் வேண்டாம் என்று பொருள். எல்எஸ் கேட்டால் கோப்புக்கு 644, ஃபோல்டருக்கு 755 என்று வாய்ப்பாடாகச் சொல்லிவிடும். எக்ஸ் எப்போது காட்டும்? பெயர் இஎக்ஸ்இ என்று முடிந்தால், அல்லது கோப்பின் முதல் இரண்டு எழுத்து ஹேஷும் ஆச்சரியக்குறியுமாக இருந்தால். செய்து காட்டுகிறேன். காலியாக ஒரு கோப்பு. சிஎச்மாட் பிளஸ் எக்ஸ். எல்எஸ் பார்த்தால் எக்ஸ் இல்லை. இப்போது சிஎச்மாட் எதுவும் போடாமல், முதல் வரியில் ஹேஷும் ஆச்சரியக்குறியும் வைத்து பாஷின் முகவரியை எழுதிச் சேமிக்கிறேன். எக்ஸ் தானாக முளைத்துவிட்டது! எழுதும் உரிமையை நீக்கினால் மட்டும் விண்டோஸின் பழைய ரீட் ஒன்லி குறி விழும். அவ்வளவுதான் அங்கே சிஎச்மாட்டின் அதிகாரம்.

முதல் ஜன்னலில் எஸ்எஸ்எச் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதும் இப்போது புரியும். இந்த வட்டில் அனுமதிகள் உண்மையா என்று அது முதலில் கேட்கிறது. இல்லை என்ற பதில் வந்ததும் சோதனையையே விட்டுவிடுகிறது. எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பொய்யான எண்ணை வைத்துச் சண்டை போடுவதைவிடச் சும்மா இருப்பது மேல். சிக்வின் பாணிப் பட்டியல்கள் மற்ற விண்டோஸ் நிரல்களைக் குழப்பியதால்தான் நோஏசிஎல் முடிவுக்கு வந்தார்கள், அதுவும் நியாயமே. என் வருத்தம் எல்எஸ் மேல்தான். தெரியாத இடத்தில் தெரிந்த மாதிரி 644 என்று எழுதுவதற்குப் பதில், கேள்விக்குறி போட்டிருந்தால் எத்தனையோ மாணவர்களின் மாலைப் பொழுது மிஞ்சியிருக்கும்.

இதன் கிளை விளைவு ஒன்று ப்ராஜெக்ட் செய்கிற எல்லாரையும் கடித்திருக்கும். விண்டோஸில் எழுதிய ஷெல் ஸ்கிரிப்டை கிட் வழியாக லினக்ஸ் சர்வருக்கு அனுப்புகிறீர்கள். அங்கே "பெர்மிஷன் டினைடு". கிட் ஒரு சாதாரணக் கோப்புக்கு இரண்டே நிலைகளைத்தான் பதிவு செய்யும், 644 அல்லது 755. விண்டோஸில் அது எக்ஸை நம்புவதில்லை, ஃபைல்மோட் என்ற அமைப்பை அணைத்தே வைத்திருக்கும். அதனால் கிட் ஆட் கட்டளையிலேயே சிஎச்மாட் பிளஸ் எக்ஸ் என்று சேர்த்துச் சொல்லுங்கள். வட்டில் ஒன்றும் மாறாது, கிட்டின் பதிவேட்டில் மாறும். சர்வருக்குப் போவது அந்தப் பதிவேடுதான்.

மூன்றாவது ஜன்னல் டபிள்யூஎஸ்எல். 2016-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்தபோது பலர் நம்பவே இல்லை. முதல் பதிப்பு மொழிபெயர்ப்பு வகை. 2019-இல் அறிவித்த இரண்டாம் பதிப்பில் உண்மையான லினக்ஸ் கெர்னலே ஓடுகிறது. உங்கள் உபுண்டு முழுவதும் ஒரே ஒரு பெரிய விஎச்டிஎக்ஸ் கோப்புக்குள் இருக்கிறது. அதற்குள் ஈஎக்ஸ்டி4 வட்டமைப்பு. அங்கே சிஎச்மாட் 600 என்றால் மெய்யாகவே 600. ஆனால் சி, டி டிரைவுகள் ஸ்லாஷ் எம்என்டிக்குக் கீழே தெரிகின்றன பாருங்கள், அவை என்டிஎஃப்எஸ். அங்கே லினக்ஸின் எண்ணை எழுத இடமில்லை, அதனால் எல்லாவற்றையும் 777 என்று காட்டுகிறது. சிஎச்மாட் 400 போட்டபோது எழுதும் உரிமை போய் ரீட் ஒன்லி குறி விழுந்தது. 777-இல் எழுதும் பிட்டுகளைக் கழித்தால் 555. திரையில் பார்த்தது அதுதான்.

2018-இல் இதற்கு மெட்டாடேட்டா என்ற வசதி வந்தது. டபிள்யூஎஸ்எல் டாட் கான்ஃப் கோப்பில் ஆட்டோமவுன்ட் பகுதியில் அதைச் சேர்த்தால், லினக்ஸ் எண்களை என்டிஎஃப்எஸ் கோப்போடு ஒட்டுக் குறிப்பாக எழுதி வைக்கும். பிறகு 600 போட்டால் 600 என்று காட்டும், எஸ்எஸ்எச்சும் அடங்கிவிடும். நெட்டில் பத்தில் ஒன்பது பேர் இந்த வழியைத்தான் சொல்வார்கள். சாவியைப் பொறுத்தவரை நான் சொல்ல மாட்டேன். ஏனென்றால் அந்தக் குறிப்பை டபிள்யூஎஸ்எல் மட்டும்தான் படிக்கும். விண்டோஸின் பட்டியலில் ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் அப்படியேதான் உட்கார்ந்திருக்கும். அதே கணினியில் இன்னொரு கணக்கில் நுழைகிறவர் நோட்பேடில் உங்கள் சாவியைத் திறந்து படிக்கலாம். எச்சரிக்கை மணி நின்றது, கதவு மூடவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். டபிள்யூஎஸ்எல்லுக்குள் நீங்கள் 600 போட்டு வைத்தது உங்கள் விண்டோஸ் கணக்கில் ஓடும் நிரலிடமிருந்து காக்காது. டபிள்யூஎஸ்எல் மைனஸ் யூ ரூட் என்று விண்டோஸ் பக்கத்திலிருந்து அடித்தால் பாஸ்வேர்டே கேட்காமல் ரூட்டாக உள்ளே விடும். இது ஓட்டை இல்லை, வடிவமைப்பே அப்படி. அந்த லினக்ஸ் முழுவதும் உங்கள் விண்டோஸ் கணக்கின் உடைமை.

அடுத்தது ஹோம். இந்த லேப்டாப்பில் எனக்கு எத்தனை ஹோம் ஃபோல்டர் இருக்கிறது என்று பார்க்கலாம். விண்டோஸுக்கு சி டிரைவில் யூசர்ஸுக்குக் கீழே ஒன்று. கிட் பாஷும் அதையே எடுத்துக்கொள்கிறது. சிக்வினுக்கு சிக்வின்64 ஃபோல்டருக்குள் ஹோம் என்று வேறொன்று. எம்சிஸ்2 தனியாக நிறுவினால் அதற்கும் சொந்தமாக ஒன்று. உபுண்டுவின் ஹோம் அந்த விஎச்டிஎக்ஸ் கோப்புக்குள். எல்லா இடத்திலும் அலைக்குறி ஒன்றேதான், போய்ச் சேரும் இடம்தான் வேறு. அந்த அலைக்குறியே 1970-களின் ஏடிஎம்-3ஏ டெர்மினலின் விசைப்பலகையில் ஹோம் என்ற சொல்லும் அதுவும் ஒரே விசையில் இருந்ததால் ஒட்டிக்கொண்டது என்பார்கள். கிட் பாஷில் சாவி உருவாக்கிவிட்டு உபுண்டுவில் தேடி, "நேத்துதான் சார் க்ரியேட் பண்ணேன், காணோம்" என்று நிற்கிற மாணவரை எல்லா லேபிலும் பார்க்கலாம். சாவி தொலையவில்லை, வேறு ஹோமில் இருக்கிறது.

சிக்வினில் இன்னொரு வம்பு. ஹோம் என்ற சூழல் மாறியை மாற்றிவிட்டால் பாஷ் கேட்கும், பெரும்பாலான நிரல்கள் கேட்கும். எஸ்எஸ்எச் கேட்காது. அது பயனர் பட்டியலில் பதிவான ஹோமையே நம்பும். சூழல் மாறியை யாரும் மாற்றி ஏமாற்றலாம் என்பதால் அப்படி எழுதியிருக்கிறார்கள். ஆகவே சிக்வினில் ஹோமை மாற்ற வேண்டுமானால் என்எஸ்ஸ்விட்ச் டாட் கான்ஃப் கோப்பில் டிபி ஹோம் என்ற வரியில் மாற்றுங்கள். கல்லூரி லேப் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. டொமைனில் சேர்ந்த கணினிகளில் ஹோம்டிரைவ் பல இடங்களில் நெட்வொர்க் வட்டைச் சுட்டும். சர்வர் தூங்கினால் கிட் பாஷ் திறக்கவே யுகம் ஆகும். மாணவர் கிட்டைத் திட்டுவார்.

ஹோமைக் காப்பதில் லினக்ஸ்தான் கண்டிப்பானது என்று ஓர் எண்ணம் நமக்கு உண்டு. ஆனால் சி டிரைவின் யூசர்ஸுக்குள் உங்கள் ஃபோல்டரை உங்களையும் அட்மின்களையும் சிஸ்டத்தையும் தவிர யாரும் திறக்க முடியாது என்பது விண்டோஸில் நெடுங்கால வழக்கம். உபுண்டுவிலோ 2021 வரை புதுப் பயனரின் ஹோம் 755. யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். 21.04 பதிப்பில்தான் 750 ஆக்கினார்கள்.

தமிழ்நாட்டில் இந்தப் பாடத்துக்கு ஒரு அருமையான ஆய்வுக்கூடம் லட்சக்கணக்கான வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. நாம் பயன்படுத்திக்கொள்ளவில்லை. 2011 செப்டம்பரில் அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைச் சொல்கிறேன். எல்காட் நிறுவனம் வழியாகக் கொடுக்கப்பட்ட அந்தக் கணினிகளில் விண்டோஸோடு போஸ் லினக்ஸும் இருந்தது. போஸ் என்பது டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கியது. நம் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் படித்து வந்த பலர் இந்த அவையிலேயே இருப்பீர்கள். ஆன் செய்ததும் இரண்டு வரி வரும், விண்டோஸை அழுத்திவிட்டுப் போயிருப்பீர்கள். போஸ் பக்கம் போய் விண்டோஸின் டிரைவைத் திறந்து பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். எல்லாக் கோப்பும் 777. அண்ணன் தன் கணக்கில் பாஸ்வேர்டு போட்டு ஒளித்து வைத்ததும் சர்வ சாதாரணமாகத் திறக்கும். லினக்ஸில் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும் என்டிஎஃப்எஸ்-3ஜி நிரல், தனியாகச் சொன்னாலொழிய, விண்டோஸின் பட்டியலைப் பார்ப்பதே இல்லை.

அந்தப் பட்டியலை அமல்படுத்துவது ஓடிக்கொண்டிருக்கிற விண்டோஸ். அது ஓடாதபோது பட்டியல் வட்டில் எழுதிக் கிடக்கும் சில வரிகள்தான். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டினாலும் இதே கதை. சர்வீஸ் கடையில் விட்டுவிட்டு வருகிறோமே, அந்த நேரத்தில் 600-ம் இல்லை, ஆதென்டிகேட்டட் யூசர்ஸும் இல்லை. வட்டையே பிட்லாக்கரால் குறியாக்கம் செய்திருந்தால் மட்டும்தான் பாதுகாப்பு. குறியாக்கம் செய்தால் அதன் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். அது தொலைந்தால் உங்களுக்கும் வட்டு திறக்காது.

சரி, அந்தப் பெம் கோப்பை என்ன செய்வது? விண்டோஸிலிருந்து பயன்படுத்துவதாக இருந்தால், டி டிரைவிலிருந்து எடுத்து சி டிரைவில் உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் இருக்கும் டாட் எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு மாற்றுங்கள். டிரைவ் விட்டு டிரைவ் போகும்போது போகிற இடத்தின் பட்டியல் தானாக ஒட்டிக்கொள்ளும். பவர்ஷெல் மறுபேச்சு பேசாது. டி டிரைவிலேயே வைத்தாக வேண்டுமென்றால் கோப்பில் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு, அங்கே டிஸேபிள் இன்ஹெரிட்டன்ஸ் கொடுத்து உங்கள் பெயரை மட்டும் விட்டுவையுங்கள். கட்டளை வேண்டுகிறவர்களுக்கு ஐசிஏசிஎல்எஸ் இருக்கிறது. உபுண்டுவிலிருந்து பயன்படுத்துவதாக இருந்தால் உபுண்டுவின் ஹோமுக்குள் நகலெடுத்து அங்கே சிஎச்மாட் 600 போடுங்கள், பிறகு டி டிரைவில் இருக்கிற பழையதை அழித்துவிடுங்கள். அழிக்கத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். அப்புறம், உபுண்டுவின் ஹோம் சி டிரைவில் ஆப்டேட்டாவுக்குள் ஆழத்தில் இருக்கிற ஒரு கோப்பு என்பதையும் மனதில் வையுங்கள். சி-யை ஃபார்மட் அடித்தால் அதுவும் போகும். டபிள்யூஎஸ்எல் அன்ரெஜிஸ்டர் கட்டளை தெரியாமல் அடித்தாலும் போகும், உறுதியா என்று கேட்காது. மாதம் ஒருமுறை டபிள்யூஎஸ்எல் எக்ஸ்போர்ட் போட்டு வெளி வட்டில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்விச் சீட்டு ஒன்று இப்போதே வந்திருக்கிறது. "விண்டோஸில் பயனர் பெயரைத் தமிழில் வைக்கலாமா? இனிஷியலோடு வைத்தால் என்ன ஆகும்?" என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. விண்டோஸ் தமிழ்ப் பெயரை ஏற்கும், இன்றைய சிக்வினும் யூடிஎஃப்-8-இல் சரியாகவே படிக்கும். உபுண்டு அதைப் பயனர் பெயராக ஏற்காது. அங்கே சிறிய ஆங்கில எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது இயல்பான விதி. இனிஷியலுக்கும் பெயருக்கும் நடுவில் விடுகிற இடைவெளிதான் அதிகம் படுத்தும். யூசர்ஸுக்குக் கீழே உங்கள் ஃபோல்டர் இடைவெளியோடு உருவாகிவிட்டால், மேற்கோள் குறி போட மறந்து எழுதப்பட்ட ஒவ்வொரு ஸ்கிரிப்டும் பெயரின் முதல் பாதியோடு நின்றுவிடும். மைக்ரோசாஃப்ட் கணக்கால் முதலில் நுழைந்தால் மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்தை ஃபோல்டர் பெயராக வைத்துவிடும், அதுவும் பார்க்கச் சகிக்காது. பின்னால் கன்ட்ரோல் பேனலில் பெயரை மாற்றினால் திரையில் தெரிகிற பெயர்தான் மாறும், ஃபோல்டர் மாறாது. அதைக் கையால் மாற்றப்போனால் பாதி நிரல்கள் பழைய முகவரியைத் தேடிக்கொண்டிருக்கும். புதுக் கணினி வாங்குகிறவர்கள் முதலில் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாத ஒரு லோக்கல் கணக்கை உருவாக்குங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கை அதோடு பிறகு இணைத்துக்கொள்ளலாம். அடுத்த சீட்டைக் கொடுங்கள்.